அட்டைக்குப் பூசிய சோப்பு

தீவைச் சுற்றிப் பார்க்கப் போன ஐந்து நாளில் நான் அதிகம் பார்த்தது வேனின் கூரையைத்தான். எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். நடுவில் சிரித்தால் அடி விழும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

மகளும் மருமகனும்தான் என்னையும் பேத்தியையும் கூட்டிப்போனார்கள். பசறைப் பக்கத்து மலையில் நாற்பது வருடம் தேயிலைக் கொழுந்து பறித்த முழங்கால் என்னுடையது. கண்டியில் புத்தர் பல் இருக்கும் மாளிகை வரிசையில் நின்றபடியே தூங்கினேன். சிகிரியாவில் குன்றை அண்ணாந்து பார்த்துவிட்டு, "மலை ஏறுறதுக்கா மலையை விட்டு வந்தோம்?" என்று வேனிலேயே படுத்துவிட்டேன். திருகோணமலையில் காய்ச்சல். அறையில் கஞ்சி குடித்துக்கொண்டு கிடந்தேன். அந்த அறை மெத்தை இருக்கிறதே, உட்கார்ந்தால் தூக்கிவிட இரண்டு ஆள் வேண்டும். சரி, மெத்தை கிடக்கட்டும்.

நான் புறப்பட்டதே கடலுக்காக. அறுபத்தெட்டு வயதாகியும் கடலில் கால் வைத்ததில்லை. கடைசி நாள் பொத்துவில். அங்கிருந்து மொனராகலை வழியாக நேரே வீடு. இதை விட்டால் எனக்குக் கடல் கிடையாது.

"அம்மா, நீங்க வேன்லயே இருங்க. மணல்ல உங்களால நடக்க ஏலாது. போட்டோ எடுத்துட்டு வந்து காட்டுறோம்" என்றாள் மகள்.

"போட்டோவுல கால் நனையுமாடி?"

"அரை மணித்தியாலந்தான் அத்தை, ஒடனே கெளம்பணும்" என்றார் மருமகன். மூன்று பேரும் இறங்கிப் போனார்கள்.

ஈரத்தில் இறங்குவதென்றால் நாங்கள் முதலில் காலுக்குச் சோப்புப் பூசுவோம். இல்லாவிட்டால் அட்டை ஏறி ரத்தம் குடித்துவிடும். நாற்பது வருடப் பழக்கம், கை கேட்காமலே செய்யும். போத்தல் தண்ணீரில் பையிலிருந்த சோப்பை நனைத்து முழங்கால் வரை அழுத்தித் தேய்த்துக்கொண்டு இறங்கினேன். நாலு எட்டு வைப்பதற்குள் மூச்சு வாங்கியது. செருப்பு வழுக்கி மணலிலேயே உட்கார்ந்துவிட்டேன். சோப்புக் கால் முழுக்க மணல் அப்பிக்கொண்டது.

பேத்தி ஓடி வந்தாள். "அம்மாயி, காலுல என்னா?"

"சோப்பு. அட்டை கடிக்குமுல்ல."

"இந்த வெயில்ல, இந்த மணல்ல அட்டையா!"

பின்னால் வந்த மகள் என் காலைப் பார்த்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ரஸ்க் தூள்ல பெரட்டுன கட்லட் மாதிரி இருக்கு!"

மருமகன் சிரிக்கவில்லை. வாடகை வேன். "இந்தக் காலோட ஏறினா சீட்டு நாசமாப்போயிரும், அத்தை. கழுவணும்."

போத்தல் காலி. பக்கத்தில் குழாயும் இல்லை. எல்லோரும் கடலைப் பார்த்தார்கள். நான் சேலை நுனியை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

மகளும் மருமகனும் ஆளுக்கொரு கையாகப் பிடித்து என்னை நடத்திக்கொண்டு போனார்கள். முழங்கால் ஒவ்வோர் எட்டுக்கும் முனகியது. முதல் அலை கணுக்காலைச் சுற்றி வந்து, காலுக்கடியில் இருந்த மணலை உருவிக்கொண்டு போனது. உடம்பு முழுக்கக் கூசியது. உப்புத் தண்ணீரில் சோப்பு லேசில் போகாது என்பதும் அன்றுதான் தெரிந்தது.

"போதுமா அத்தை?" மருமகன் மணியைப் பார்த்தார்.

"அவசரப்படாதீங்க தம்பி. இன்னும் வழுவழுங்குது" என்றேன்.