அனுப்பாத தகடுகள்

எங்கள் கொதிகலன் தொழிற்சாலையில் அவளை எல்லோரும் 'போஸ்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். காரணம் இருக்கிறது. அவள் படித்த மேல்நிலைப் பள்ளியின் வாசல் சுவரில், வெல்டிங் முகமூடியை நெற்றிக்கு மேலே தூக்கிவிட்டுச் சிரிக்கிற அவள் படம் இரண்டு ஆள் உயரத்துக்கு ஒட்டியிருந்தது. 'சான்றிதழோடு வெளியே வா, நேரே வேலைக்குப் போ' என்று அதன் அடியில் எழுதியிருந்தார்கள். தினமும் அந்த வழியாகப் பேருந்தில் வருகிற எங்களுக்கு அந்த முகம் பழகிப்போயிருந்தது. அவள் வேலை கேட்டு வந்து நின்ற அன்று காவலாளி, "அட, போஸ்டர் வந்திருக்கு!" என்று உள்ளே பார்த்துக் கத்திவிட்டார். ஸ்டோரில் வெல்டிங் ராடு எடுத்துக் கொடுக்கிற வேலையில் இருந்த நான் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். படத்தில் இருந்ததைவிட ஒல்லியாக இருந்தாள்.

அப்பா பேருந்து ஓட்டுநர், அம்மாவுக்கு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை, இரண்டு வயது இளைய தங்கை ஒருத்தி. இதுதான் அவள் குடும்பம். பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண். மகளை நர்ஸாக்க வேண்டும் என்று அப்பா முடிவு செய்து, பக்கத்து வீட்டிலெல்லாம் சொல்லியும் வைத்திருந்தார். அந்த நேரத்தில்தான் பள்ளிப் பட்டறை ஆசிரியர் வீட்டுக்கு வர ஆரம்பித்தார். பிள்ளைகள் அவரைப் பட்டறை சார் என்பார்கள். ஒருமுறையல்ல, மூன்றுமுறை வந்தார். மூன்றாம் முறை, சமையலறைக் கதவோரம் தானே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"உங்க பொண்ணு கைய நீங்க பார்த்திருக்கீங்களா? துளி நடுக்கம் கிடையாது. பதினெட்டு வருஷமா சொல்லிக்கொடுக்கிறேன், இப்படி ஒரு கை எனக்குக் கிடைச்சதில்ல."

"படிப்பு ஏறாத பிள்ளைங்களத்தானே சார் பட்டறைப் பக்கம் தள்ளிவிடுவாங்க?" என்றார் அப்பா.

"அதெல்லாம் மலையேறிப்போச்சு. இப்ப பள்ளிக்கூடத்த விட்டு வரும்போதே கையில சர்டிபிகேட். நாங்க கொடுக்கிறது இல்ல, வெளிய ஒரு மையம் சோதிச்சுப் பார்த்துக் கொடுக்கிறது. அத எந்த ஃபேக்டரியும் தட்டிக்கழிக்க முடியாது."

அப்பா மகள் பக்கம் திரும்பினார். "உனக்கு எப்படிம்மா?"

"பிடிச்சிருக்குப்பா."

"சரி சார். உங்க பேச்ச நம்பி விடறேன்" என்றார் அப்பா.

பட்டறை சார் நன்றாகவே சொல்லிக்கொடுத்தார். அதை அவள் ஒருநாளும் மறுத்ததில்லை. தீப்பொறி பட்டுக் கழுத்தில் கொப்புளம் வந்தால் தானே மருந்து போடுவார். பிள்ளைகளோடு பட்டறையிலேயே உட்கார்ந்து மதியச் சாப்பாடு சாப்பிடுவார். பன்னிரண்டாம் வகுப்பு முடிகிற சமயத்தில் பன்னிரண்டு பேரும் ஆளுக்கு இரண்டு இரும்புத் தகடுகளை வெல்டிங்கால் ஒன்றாக ஒட்டிக் கொடுத்தார்கள். ஒவ்வொரு தகட்டிலும் அவரவர் எண்ணை உளியால் அடித்துப் பதித்தார்கள். "இது இனி மையத்துக்குப் போகும். பட்டை பட்டையா அறுத்து, மெஷின்ல வெச்சு வளைப்பாங்க. பிளக்காம வளைஞ்சா பாஸ்" என்றார் சார்.

இரண்டு மாதத்தில் விழா வந்தது. பன்னிரண்டு பேருக்கும் சான்றிதழ். அப்பா சீருடையோடு ஓடி வந்து கடைசி வரிசையில் நின்று கைதட்டினார். மறுவாரம் சுவரில் படம் ஏறியது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் பேசச் சொல்லித் தலைமையாசிரியர் அவளை மேடையேற்றினார். அவளும் மனதாரப் பேசினாள். பதினான்கு பேர் வெல்டிங் பிரிவில் சேர்ந்தார்கள். அதில் ஒருத்தி அவள் தங்கை. கணக்குப் பிரிவு எடுக்க இருந்தவள், "நீ சொன்னா சரியாத்தான்க்கா இருக்கும்" என்று மாறிவிட்டாள்.

அந்தச் சான்றிதழோடுதான் எங்கள் தொழிற்சாலைக்கு வந்தாள். எங்கள் தரப் பரிசோதகர் ஒரு அம்மாள். கழுத்தில் சங்கிலி போட்டு மூக்குக்கண்ணாடியைத் தொங்கவிட்டிருப்பார். கண்ணாடியம்மா என்போம். சான்றிதழை வாங்கிப் பார்த்தார், மேசையில் இருந்த கணினியில் எண்ணைத் தட்டினார். மறுபடியும் தட்டினார். பிறகு தொலைபேசியை எடுத்து மையத்தோடு பேசினார்.

"இந்த நம்பர் அவங்க ரெஜிஸ்டர்லயே இல்லையாம்மா."

"டைப் பண்றப்ப தப்பா விழுந்திருக்கும் மேடம். என்கூட எழுதினவங்க நம்பரும் தெரியும், சொல்லட்டுமா?"

சொன்னாள். ஒன்றுகூட இல்லை. அந்தப் பள்ளியிலிருந்து ஒரு தகடும் வந்ததில்லை என்று மையத்தில் சொன்னார்களாம். கண்ணாடியம்மா தாளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு, "இது உங்க ஸ்கூல் பிரிண்டர்ல எடுத்ததுடா கண்ணு" என்றார். குரலில் ஏளனம் இல்லை. இருந்திருந்தால் அவளும் சண்டையாவது போட்டிருப்பாள். தாளை நான்காக மடித்து வாங்கிக்கொண்டு, வந்த வழியே போனாள்.

வீட்டுக்குப் போகவில்லை, நேரே பள்ளிக்குப் போனாள். பட்டறையில் சார் மட்டும் இருந்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது போலிருக்கிறது, எழுந்து நின்றார்.

"எங்க தகடெல்லாம் எங்க சார்?"

அவர் கடைசல் இயந்திரத்துக்குப் பின்னால் இருந்த அலமாரியைத் திறந்தார். கீழ்த்தட்டில் செய்தித்தாளில் சுற்றிய பன்னிரண்டு பொட்டலங்கள், கட்டிய கயிறுகூட அவிழாமல் இருந்தன.

"ஏன் சார்?"

"அனுப்பியிருந்தா பாதிப் பேர் தேறியிருக்க மாட்டீங்க. உங்க வருஷம் ஒருத்தர் விடாம பாஸ் காட்டணும்னு ஹெட்மாஸ்டர் ஒத்தக்கால்ல நின்னாரு. இல்லாட்டி பட்டறையவே மூடிடுவாங்கன்னாரு. அடுத்த வருஷம் அனுப்பிச் சரிபண்ணிக்கலாம்னு நெனச்சேன்மா."

"நான் தேறுவேனா மாட்டேனா?"

அவர் பொட்டலங்களை நேராக அடுக்க ஆரம்பித்தார்.

"அப்பாகிட்ட என்ன சொன்னீங்க சார்? இப்படி ஒரு கையே கிடைச்சதில்லன்னு சொன்னீங்களே!"

"கை நல்ல கைதாம்மா. இன்னும் கொஞ்சம் பழகணும், அவ்வளவுதான். அத அன்னிக்கு எப்படிச் சொல்றது?"

தன் எண் இருந்த பொட்டலத்தை எடுத்துக்கொண்டாள். அவர் தடுக்கவில்லை.

மறுநாள் காலை அதைக் கொண்டுவந்து கண்ணாடியம்மாவின் மேசையில் வைத்தாள். "மேடம், வேலை வேணாம். இத மட்டும் வளைச்சுக் காட்டுங்க." அந்த அம்மாளும் அப்படியெல்லாம் சட்டென்று இரங்குகிறவர் இல்லை. ஆனால் அன்று ஆளைக் கூப்பிட்டு அறுக்கச் சொன்னார். ஸ்டோரைப் பூட்டிவிட்டு நானும் போய் நின்றேன். முதல் பட்டையில் ஒட்டின் மேல்பக்கம் வெளியே தெரியும்படி வளைத்தார்கள். கொண்டை ஊசி மாதிரி வழுவழுவென்று வளைந்தது. யாரோ கைதட்டினார்கள். இரண்டாவது பட்டையைத் திருப்பி, அடிப்பக்கம் வெளியே வரும்படி வைத்தார்கள். பாதி வளைவதற்குள் ஒட்டின் நடுவே வாய் பிளந்துகொண்டது. அடிவரைக்கும் இரும்பு உருகிச் சேரவில்லை என்று அர்த்தம்.

அவள் அழவில்லை. பிளந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தாள். "இத அன்னிக்கே சொல்லியிருந்தா மூணு வாரத்துல சரிபண்ணியிருப்பேன்" என்றாள். அவளுக்குப் பொறுக்காதது அதுதான். தோற்றுப்போனதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தேறுவது சந்தேகம் என்று தெரிந்தும் சான்றிதழ் கொடுத்துச் சுவரில் ஒட்டிவைத்ததைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

வீட்டில் உண்மையைச் சொன்னபோது அப்பா அவளைத் திட்டவில்லை. "மூணுவாட்டி வந்தாரேம்மா" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். தங்கைதான் வெடித்தாள். "அவர் உன்ன ஏமாத்தினாரு, சரி. நீ என்ன மேடையில நின்னு ஏமாத்தினியே!" தெரியாமல் செய்தது என்று அக்கா சொல்லிப் பார்த்தாள். "எனக்கு மட்டும் தெரிஞ்சா சேர்ந்தேன்?" என்றாள் தங்கை.

மேடையில் நின்று சேர்த்துவிட்டவர்களில் தங்கை போக மற்றப் பதின்மூன்று பேர் வீட்டுக்கும் ஒவ்வொன்றாகப் போனாள். சில வீடுகளில் உட்காரச் சொன்னார்கள். ஒரு வீட்டில் முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்தினார்கள். பெற்றோர் எல்லோரும் சேர்ந்து பள்ளிக்குப் போனபோது, தலைமையாசிரியர் அதை 'சிறிய அலுவலகத் தவறு' என்றார். மறுநாள் சுவரில் வெள்ளையடித்துவிட்டார்கள். அவர்களால் உடனே செய்ய முடிந்தது அது ஒன்றுதான். பிறகு கல்வி அலுவலகத்திலிருந்து ஆள் வந்தார்கள். தலைமையாசிரியர் விருப்ப ஓய்வில் போனார். பட்டறை சாரை வேறு ஊருக்கு மாற்றினார்கள். அவளோடு வாங்கிய பன்னிரண்டு பேர் சான்றிதழும் ரத்தானது. புதிதாகச் சேர்ந்த அந்தப் பதினான்கு பேருக்கும் வருடக் கடைசியில் மையத்தின் ஆட்கள் எங்கள் தொழிற்சாலையிலேயே வந்து தேர்வு நடத்தினார்கள். ஆறு பேர் தேறினார்கள். தங்கை தேர்வுக்கே வரவில்லை. ஒரு வருடம் வீணானாலும் பரவாயில்லை என்று கணக்குப் பிரிவுக்குத் திரும்பிவிட்டாள். இன்றைக்கும் அக்காவிடம் முகம் கொடுத்துத்தான் பேசுகிறாள். ஆனால் எதற்கும் யோசனை கேட்பதில்லை.

போஸ்டர் எங்களிடம் சான்றிதழ் கேட்காத கிரைண்டிங் பிரிவில் சேர்ந்தாள். சாப்பாட்டு இடைவேளையில் மீந்த ராடுகளை என்னிடம் வாங்கிப் பழகினாள். எட்டு மாதம் கழித்துத் தேர்வு எழுதினாள். அடிப்பக்கமும் பிளக்காமல் வளைந்தது. இப்போது உயர் அழுத்தக் குழாய்களில் அவள் ஒட்டு என்றால் கண்ணாடியம்மா கண்ணாடியைக்கூட மாட்டுவதில்லை என்று நாங்கள் கேலி செய்வோம்.

பள்ளிகளில் பேசக் கூப்பிட்டால் அவள் இன்னும் போகிறாள். சான்றிதழ் வாங்குங்கள் என்றுதான் சொல்கிறாள், கையில் தொழில் இருந்தால் யார் வாசலிலும் தலைகுனிய வேண்டாம் என்கிறாள். கூடவே, கொடுப்பவர் யார், எண் பதிவாகியிருக்கிறதா என்று நீங்களே போன் போட்டுக் கேளுங்கள், உங்கள் ஆசிரியர் கோபித்துக்கொண்டாலும் கேளுங்கள் என்கிறாள். ஆசிரியர்களுக்கு அது பிடிப்பதில்லை. இரண்டு பள்ளிகள் மறுமுறை கூப்பிடவில்லை.

போன மாதம் காய்கறிச் சந்தையில் பட்டறை சாரைப் பார்த்தாளாம். தலை முழுக்க நரைத்துவிட்டதாம். அவரே கிட்டே வந்து, "நல்லா இருக்கியாம்மா? குழாய் ஒட்டறியாமே, கேள்விப்பட்டேன்" என்றாராம்.

"நீ என்ன சொன்ன?" என்று கேட்டேன்.

"இருக்கேன்னு சொன்னேன். வேறென்ன சொல்ல? சார்னு கூப்பிட வாய் வரல. வேற எப்படிக் கூப்பிடறதுன்னும் தெரியல. தக்காளிய எடை போட்டு வாங்கிட்டு வந்துட்டேன்."

சொல்லிவிட்டு, அன்றைக்கு வேண்டிய ராடுகளை எண்ணி வாங்கிக்கொண்டு போனாள்.