என்னிடம் வந்தவர் போர்த்திய பொன்னாடை

வியட்நாமில், பென் தான் என்ற சந்தைக்குப் பின்னால், ஒரு துணிக்கடையின் மாடியில் நான் அறை வாடகைக்கு எடுத்தபோது இங்கே இருக்கும் எங்கள் தமிழ் ஆட்கள் பலர் சிரித்தார்கள். யோசனை சொல்ல ஒரு அறையா, அதற்குக் கட்டணமா, அதையும் முன்கூட்டியே வாங்குவதா என்று. கோயில் வாசலில் உட்கார்ந்து சும்மா சொன்னால் ஆகாதா என்று ஒரு அம்மாள் முகத்துக்கு நேரே கேட்டார். ஆகாது என்றேன். கோயில் வாசலில் பல வருஷம் சும்மா சொல்லிப் பார்த்தவள் நான். கேட்டுக்கொண்டு போவார்கள், ஒருவரும் செய்யமாட்டார்கள்.

எனக்கு எழுத்து கொஞ்சம்தான். தமிழ் எழுத்து காரைக்காலிலிருந்து வந்த அப்பா சொல்லிக் கொடுத்தது. வியட்நாம் எழுத்தை விரல் வைத்துப் படிப்பேன். சண்டை முடிந்து ஊர் கைமாறியதும் எங்கள் ஆட்களில் பெரும்பாலோர் பிரான்சுக்கும் இந்தியாவுக்கும் போய்விட்டார்கள். நான் போகவில்லை. தையல் கூட்டுறவு ஒன்றில் சேர்ந்து ஒரு மெஷின் வரிசைக்குத் தலைவியானேன். இந்த ஊர்ப் பெண்கள் எதைத் தாங்குவார்கள், எதைத் தாங்கமாட்டார்கள் என்பது அங்கேதான் தெரிந்தது. பசியைத் தாங்குவார்கள். நாலு பேர் முன்னால் திட்டு வாங்குவதைத் தாங்கமாட்டார்கள். எதிர்த்துப் பேசமாட்டார்கள், மறுநாள் வேலைக்கு வரமாட்டார்கள், அவ்வளவுதான்.

பிறகு காலம் மாறி, பக்கத்து மாகாணமான பின் யுவோங்கின் தொழிற்சாலைகளுக்கு நம் நாட்டிலிருந்து மேலாளர்கள் வர ஆரம்பித்தார்கள். தொழிலாளர்களோடு முட்டிக்கொண்டவர்கள் என்னைத் தேடி வந்தார்கள். 'பர்சனல் கோச்' என்று பெயர் வைத்தது அவர்கள்தான். பெயர் எதுவானாலும் எனக்கு அது தொழில். வார்டு அலுவலகத்தில் பதிந்தேன், வரி கட்டினேன், வாசலில் போர்டு மாட்டினேன். அறைக்குள் என்னை யாரும் அம்மா என்று கூப்பிடக்கூடாது. அம்மா என்று ஆரம்பித்துவிட்டால் நமக்குக் கட்டணம் கேட்க வாய் வராது. அது தெரிந்துதான் ஆரம்பிப்பார்கள். மதாம் என்று கூப்பிடட்டும் என்றேன், அந்தக் காலத்தில் பிரெஞ்சுக்காரர் வீட்டுப் பெண்களைக் கூப்பிட்ட மாதிரி. எல்லாவற்றையும்விடப் பெரிய விதி, யார் வந்தார்கள் என்பதை வெளியே சொல்லமாட்டேன். அறை எடுத்ததே அதன் கதவுக்காகத்தான்.

அப்படி வந்தவர்களில் ஒருவர் கோயம்புத்தூர்க்காரர், ஐம்பதைத் தாண்டியவர், ஆடைத் தொழிற்சாலையில் மேலாளர். அவர் சத்தம் போடப் போட அவருடைய வரிசையில் பெண்கள் கூட்டம் கூட்டமாக வேலையை விட்டு நின்றுவிட்டார்கள். ஊரில் கத்தினால் வேலை நடக்கும், இங்கே ஏன் நடக்கவில்லை என்பது அவருக்குப் புரியவில்லை. நான் விளக்கம் சொல்லவில்லை. தையல்காரியாக எதிரில் உட்கார்ந்துகொண்டு, என்னைத் திட்டுங்கள் என்றேன். திட்டினார். எழுந்து வெளியே போய்விட்டேன். திரும்பி வந்து, மறுபடியும் என்றேன். இப்படியே வாரக்கணக்கில். கடைசியில் ஆளைத் தனியே கூப்பிட்டு, தேநீர் ஊற்றிக் கொடுத்து, குரலை இறக்கிக் குறை சொல்ல அவருக்கு வந்துவிட்டது. பெண்கள் நிற்பது நின்றது. மறு வருஷம் முழுத் தொழிற்சாலையும் அவர் கைக்கு வந்தது.

அப்போது அவரே ஒரு சேதி கொண்டுவந்தார். கம்பெனி தன் மேற்பார்வையாளர்கள் எல்லோருக்கும் பயிற்சி கொடுக்க ஆள் தேடுகிறதாம். நான் சொல்றேன் மதாம், நீங்கதான் என்றார். கடைக்காரி வாடகையை ஏற்றிக்கொண்டிருந்த நேரம். ஒருவர் இருவர் வருவதை வைத்து அந்த அறை, பொங்கலுக்குப் பிறகு வரும் வியட்நாம் புத்தாண்டைத் தாண்டாது. கம்பெனி வேலை கிடைத்தால் என் தொழில் நிற்கும், இல்லையென்றால் போர்டைக் கழற்ற வேண்டியதுதான். நான் காத்திருந்தேன்.

பொங்கலுக்குத் தமிழர்கள் ஒரு ஹோட்டலில் விழா வைத்தார்கள். அவர்தான் முன்னின்று நடத்தினார். திடீரென்று என்னை மேடைக்குக் கூப்பிட்டார்.

"இவங்க நம்ம எல்லாருக்கும் அம்மா மாதிரி. இவங்க ஆசீர்வாதம் இருந்தாலே போதும்ங்க" என்று மைக்கில் சொல்லிவிட்டுப் பொன்னாடை போர்த்தினார். காலிலும் விழுந்தார். கைதட்டல் காதைப் பிளந்தது.

படம் எடுப்பதற்காக இருவரும் நின்றபோது மெதுவாகக் கேட்டேன். "கம்பெனில என்னைப் பத்திச் சொன்னீங்களா?"

அவர் கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே பதில் சொன்னார். "அது பெரிய லெவல்ங்கம்மா. சர்டிபிகேட் எல்லாம் கேக்கறாங்க. சிங்கப்பூர்ல இருந்து ஒருத்தரைப் போட்டாச்சு."

"நீங்க யார்கிட்டக் கத்துக்கிட்டீங்கன்னு கேக்கலியா?"

"கேட்டாங்க. புக்கு படிச்சேன்னு சொல்லிட்டேன்."

அந்த நேரம் பார்த்து மைக்கை என் கையில் கொடுத்தார்கள். இவர் என்னிடம் வந்து கற்றவர் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், எதிரில் இருந்த மேலாளர்களில் பாதிப் பேர் திங்கட்கிழமை என் மாடிப்படியில் நின்றிருப்பார்கள். ஆனால் சொல்லிவிட்டால் என் அறைக் கதவுக்கு அதன்பிறகு மதிப்பு இல்லை. நன்றி என்று சொல்லி இறங்கிவிட்டேன். பக்கத்து நாற்காலிக்காரர் நான் கொடுத்துவைத்தவள் என்றார். பொன்னாடையின் ஓரத்தில் கட்டைவிரலை ஓட்டிப் பார்த்தேன். மட்டமான தையல். என் வரிசையில் இப்படித் தைத்திருந்தால் பிரிக்கச் சொல்லியிருப்பேன்.

புத்தாண்டு கழிந்ததும் அறையைக் காலி செய்தேன். இப்போது வீட்டில்தான் தொழில். யாராவது வந்தால் வீட்டில் இருப்பவர்களை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்துகிறேன். மகள் முணுமுணுப்பாள்.

போன மழைக்காலத்தில் அவர் வந்தார். சிங்கப்பூர்க்காரர் எல்லோரையும் வட்டமாக நிறுத்தி விளையாட்டுக் காட்டிவிட்டுப் போய்விட்டாராம். பெண்கள் மறுபடியும் நிற்கிறார்களாம். தலைமை அலுவலகத்திலிருந்து வீடியோவில், இவருக்குக் கீழே இருப்பவர்கள் பார்க்க, இவரைத் திட்டுகிறார்களாம். அம்மா என்றுதான் ஆரம்பித்தார்.

"மதாம்" என்றேன். "கட்டணத்தை முதல்ல வைங்க."

வைத்தார். எனக்கு அவர் மேல் இருந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. அதற்காக அந்த ஒரு மணி நேரத்தில் ஒன்றும் குறைத்துக் கொடுக்கவில்லை. திட்டு வாங்கும்போது எப்படி உட்கார வேண்டும், எப்போது வாய் திறக்க வேண்டும், எல்லாம் செய்து காட்டினேன். எழுந்து போகும்போது வாசலில் தயங்கி நின்றார்.

"நான் இங்க வந்தது வெளிய தெரிய வேண்டாம்ங்க."

"என்னைப் பத்திச் சொல்றதுக்கு உங்களுக்குக் கம்பெனில ஒரு இடம் இருந்துச்சு, சொல்லல. உங்களைப் பத்திச் சொல்றதுக்கு எனக்கு எந்த இடமும் கிடையாது. அடுத்த வாரம் இதே நேரத்துக்கு வாங்க" என்றேன்.

வந்தார். இன்றும் வந்துகொண்டிருக்கிறார், தலையிலிருந்து ஹெல்மெட்டைக் கழற்றாமலே சந்துக்குள் நுழைந்து.