உறுத்தாத துப்பாக்கி

ஷார்ஜாவில் ஒரு துப்பாக்கிக் கடையில் கண்ணாடி துடைக்கத்தான் கார்மேகத்தை எடுத்தார்கள். முதுகுளத்தூர்ப் பக்கத்து ஆள். ஒட்டிய வயிறு, நிற்கச் சொன்ன இடத்தில் அசையாமல் நிற்கிற குணம். இரண்டும் முதலாளியின் கண்ணில் பட, அடுத்த வருஷமே வேலை மாறியது. உடைக்குள் தெரியாமல் வைத்துக்கொள்ளச் சின்னத் துப்பாக்கி தேடி வரும் லைசென்ஸ்காரர்களுக்குத் தாங்களே அதைச் செருகிக்கொண்டு குனிந்து நிமிரக் கூச்சம். அதற்குத்தான் கார்மேகம். அரபிகள் உடுத்தும் வெள்ளைக் கந்தூராவை மாட்டி, குண்டு போடாத துப்பாக்கியை உள்ளே வைத்துக்கொண்டு நடப்பான், உட்காருவான், கீழே போட்ட சாவியை எடுப்பான். துணி எங்கே துருத்துகிறது என்று அவர்கள் பார்ப்பார்கள். துணிக்கடைப் பொம்மைக்குச் சம்பளமில்லை, இவனுக்கு உண்டு. அவ்வளவுதான் வித்தியாசம்.

பெல்ட் கட்டினால் மெல்லிய துணியில் வரி விழுந்தது. அதனால் உறையின் கொக்கியைத் தன் அரைஞாண் கயிற்றிலேயே மாட்டும் வழியை அவனே கண்டுபிடித்தான். குலசாமி கோயிலில் மந்திரித்துக் கட்டிய, தடித்த கறுப்புக் கயிறு. விற்பனை பார்க்கும் கீழக்கரை சாதிக் பாட்ஷாவுக்கு அதைக் கண்டு சிரிப்பு.

"ஒங்க கொலசாமிக்குத் தெரிஞ்சா என்னப்பா சொல்லும்?"

"அதுவே அருவாளோடதான் நிக்கிது பாய். ஒண்ணும் சொல்லாது."

போன மார்ச்சில் ஒரு பெரியவர் வந்தார். நரைத்த தாடி, மெத்தென்ற குரல். தினமும் இடுப்பில் இருக்கும்படி ஒன்று வேண்டும் என்றார். மற்றவர்கள் துணியைப் பார்ப்பார்கள். இவர் கார்மேகத்தின் முகத்தையே பார்த்தார். அதில் என்ன இருக்கிறதென்று அவனுக்குப் புரியவில்லை.

முதல் நாள் பார்த்ததற்குப் பிடி நீளம். குனிந்தால் முழங்கை மாதிரி துணியை முட்டியது. மறுநாள் பார்த்தது குட்டை, ஆனால் தடி, உட்கார்ந்தால் விலாவில் குத்தியது. மூன்றாம் நாள் எடுத்தது தட்டையானது, மூலை மழுங்கியது. மாட்டியதும் உடம்போடு ஒட்டிக்கொண்டது.

"எங்க உறுத்துதுன்னு கேக்குறாரு," என்று பெரியவரின் அரபியைத் தமிழில் சொன்னார் சாதிக்.

"எங்கயும் இல்ல பாய்."

"சாயங்காலம் வரைக்கும் போட்டிருக்கச் சொல்றாரு. வந்து பாப்பாராம்."

சாயங்காலம் அவர் வரவில்லை. துப்பாக்கிகளை எண்ணிப் பூட்டுவது சாதிக்கின் வேலை. அன்றைக்கு ஏனோ அவர் கார்மேகத்திடம் எதுவும் கேட்கவில்லை. வெளியே தொழிலாளர் கேம்புக்குப் போகும் பஸ் ஹாரன் அடித்தது. கந்தூராவைத் தலைவழியே உருவி எறிந்து, பேன்ட் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினான்.

கேம்ப் இருக்கும் முவைலாவில் இறங்கி, கஃபடேரியாவில் இரண்டு பரோட்டாவும் டீயும் முடித்தான். ஓரத்தில் போலீஸ் வண்டி நின்றது. அதன் பக்கத்திலேயே குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டு நடந்தான். ரூமுக்கு வந்து, குளிக்கப் போவதற்கு லுங்கியைச் சுற்றியபோதுதான் கையில் இரும்பு தட்டியது.

மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள். இவனுக்குக் கனமும் இருந்திருக்கிறது, பயமே இல்லாமலும் வந்திருக்கிறான். அதை நினைத்தபோதுதான் ரோமம் சிலிர்த்தது. பிழைக்க வந்தவன் இடுப்பில் துப்பாக்கி என்றால் ஜெயில், அப்புறம் ஊர். பாத்ரூமில் தண்ணீரைத் திறந்துவிட்டு வெறுமனே நின்றான். போனில் சொல்லப் பயம். ஆறு கட்டில் போட்ட ரூமில் ஒளிக்க இடமில்லை. அது இருந்த இடமே பத்திரமான இடமாக இருந்தது. அதைவிட விசித்திரம், கடையில் ஒரு துப்பாக்கி குறைகிறது, யாரும் இவனைக் கூப்பிடவில்லை. போன் மௌனமாகவே கிடந்தது.

மறுநாள் காலை அதே பஸ், அதே சீட். நேற்று பஞ்சாக இருந்தது இன்று அம்மிக்கல்லாக இழுத்தது. கடைக்குள் நுழைந்தால் பெரியவர் முன்னமே வந்து உட்கார்ந்திருந்தார்.

"உறுத்துச்சான்னு கேக்குறாரு," என்றார் சாதிக். குரல் சரியில்லை.

"நேத்தே கழட்டி வச்சுட்டேனே பாய்."

பெரியவர் சிரிக்கவில்லை. நிதானமாக ஏதோ சொன்னார். சாதிக் தரையைப் பார்த்துக்கொண்டே தமிழில் சொன்னார்: "ரெண்டு பரோட்டா, ஒரு டீ. போலீஸ் வண்டிகிட்ட குனிஞ்சு செருப்பச் சரிபண்ணுன. பின்னாடியே வந்திருக்காரு."

கார்மேகத்தின் கை தானாக இடுப்புக்குப் போனது.

"துப்பாக்கிய நேத்து மத்தியானமே வாங்கிட்டாரு. கையெழுத்துப் போட்டு அவரே எடுத்துட்டுப் போனதாத்தான் பேப்பர்ல இருக்கு. அதான் ஒங்கிட்ட கேக்க வேணாம்னு மொதலாளி சொன்னாரு. இந்த மூணு நாளும் அவரு துப்பாக்கிய பாக்கலப்பா. தூக்குற ஆளத்தான் பாத்திருக்காரு. ஒன் விசாவ அவரு பேருக்கு மாத்துறாங்களாம். மொதலாளி சரின்னுட்டாரு."

"தூக்கிட்டு எங்க போகணும்?"

"கேக்கக் கூடாதாம்."

கார்மேகத்துக்கு முதலில் வந்தது பயமில்லை, கோபம். மூன்று வருஷம் நின்ற நிலைக்கு இதுதானா கூலி? "என்னால முடியாது பாய். நானே போலீஸ்ல போய்ச் சொல்றேன். மறந்து போட்டுட்டுப் போயிட்டேன்னு சொல்றேன்."

"என்னன்னு சொல்லுவ? பேப்பர்படி அது அவரோடது. இருக்கறது ஒன் இடுப்புல. ராத்திரி பூரா ஒன் ரூம்ல இருந்திருக்கு." சாதிக்கின் கண் கலங்கியிருந்தது. "அப்ப திருடுனது யாருப்பா?"

கார்மேகம் முதலாளியின் அறையைப் பார்த்தான். கதவு சாத்தியிருந்தது. உள்ளே ஆள் இருக்கும் சத்தம் கேட்டது, கதவு திறக்கவில்லை.

பெரியவர் எழுந்து அருகில் வந்தார். பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பும் தகப்பனைப்போல அவன் சட்டை நுனியை இழுத்துவிட்டு, இடுப்புப் பக்கம் விழுந்திருந்த மடிப்பைத் தடவிச் சரிசெய்தார். வெளியே வண்டி நின்றுகொண்டிருந்தது. "யல்லா," என்றார் மெதுவாக, கிளம்பு என்கிற மாதிரி.

போகக் கூடாது என்றுதான் கார்மேகம் நினைத்தான். ஆனால் மூன்று வருஷமாக யார் சொன்னாலும் நடந்து காட்டிய உடம்பு, அவனைக் கேட்காமலே நடக்கத் தொடங்கியிருந்தது.