ஹீலர் அண்ணி

அண்ணன் சிங்கப்பூருக்குப் புறப்பட்டபோது அண்ணியிடம் விட்டுப்போனவை ஒரு பழைய கணினியும், ஓர் ஆன்லைன் விளையாட்டின் கடவுச்சொல்லும்தான். மிஞ்சிப்போன கல்யாணப் பத்திரிகை ஒன்றின் பின்பக்கத்தில் அந்தக் கடவுச்சொல்லை எழுதிக் கொடுத்தான். கல்யாணமாகி நாற்பது நாள்கூட ஆகியிருக்கவில்லை. "பொண்டாட்டிக்கு ஒரு நல்ல புடவை எடுத்துக் குடுத்துட்டுப் போவான்னு பாத்தா, வெளையாட்டுச் சாமானைக் குடுத்துட்டுப் போறான்" என்று அம்மா வாசல்வரை புலம்பிக்கொண்டே வந்தார். அண்ணி அந்தப் பத்திரிகையை நான்காக மடித்துக் கையில் வைத்திருந்தார். அவருக்கு அதுவரை கணினியில் படம் பார்க்க மட்டும்தான் தெரியும்.

அண்ணன் செய்தது பைத்தியக்காரத்தனம் இல்லை என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. போனில் இருவருக்கும் பேச்சே வராது. அங்கே அவனைச் சுற்றி ஒரே அறையில் பத்துப் பேர். இங்கே கூடத்தில் அப்பா, அம்மா, நான். "சாப்பிட்டீங்களா", "சாப்பிட்டேன், நீ?" என்பதோடு கடை மூடிவிடும். பெண் பார்த்து முடித்த கல்யாணம், பழக நாற்பது நாள் போதவில்லை, இரண்டு பேருக்கும் கூச்சம் விடவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மதியம் மாடி அறையில் அண்ணி அந்தப் பழைய கணினியிலும் நான் என் லேப்டாப்பிலும், அங்கிருந்து அண்ணனுமாக, காதில் ஹெட்போனோடு, மூன்று பேரும் சேர்ந்து ஒரு பூதத்தைத் துரத்தும்போது பேச்சு தானாக வந்தது. "பின்னாடி வாங்க, பின்னாடி வாங்க!" என்று அண்ணி கத்துவார். கட்டிய கணவனை அவர் அதட்டிப் பேசிய முதல் இடம் அதுதான்.

விளையாட்டு தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. டஞ்சன் என்பது குழுவாக இறங்க வேண்டிய பாதாள அறை. முன்னால் நின்று அடி வாங்குகிறவர் டேங்க், அது அண்ணன். அடிபட்டவர்களின் உயிரை ஏற்றிவிடுகிறவர் ஹீலர், அது அண்ணி. நான் அடிக்கிற ஆள். ஒவ்வொரு படி உயரும்போதும் கிடைக்கிற புள்ளிகளைக் கவசத்தில் போடுவதா, வாளில் போடுவதா, வைத்தியத்தில் போடுவதா என்று நாமே முடிவு செய்ய வேண்டும். அதற்குப் பெயர் பில்ட். பில்ட் விஷயத்தில் நான் பெரிய வாத்தியாரம்மா. "ஒருத்தருக்கு ஒரு வேலை. எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம் போட்டா குரூப்புக்கு ஆகாது" என்று அண்ணியிடம் பிரசங்கம் செய்வேன். என் புள்ளிகள் அத்தனையும் வாளில்தான். கவசத்தில் ஒன்றுகூடக் கிடையாது. நான் அடித்தால் திரை அதிரும். என்னை ஒரு கொசு கடித்தால்கூடப் பாதி உயிர் போய்விடும்.

அண்ணிக்குத் திருத்துறைப்பூண்டிக்கும் தெற்கே ஒரு கடைமடைக் கிராமம். மேட்டூரில் திறந்த தண்ணீர் ஊரையெல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியாக எட்டிப் பார்க்கிற இடம். சில வருடம் அதுவும் இல்லை. அந்தச் சிக்கனம் அவர் கையில் இருந்தது. ஹீலருக்கு மந்திரம் போட மனா என்று ஒரு சக்தி வேண்டும், அது தீர்ந்தால் குழுவே காலி. மற்றவர்கள் அதை வாரி இறைப்பார்கள். அண்ணி கடைசிவரை கொஞ்சம் இருப்பு வைத்திருப்பார். "சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும்" என்பார். அவரிடம் ஒரே ஒரு குறை. டேங்க் விழுந்தால் எல்லோரும் விழுவார்கள், அதனால் ஹீலர் எப்போதும் டேங்கைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அண்ணியோ யாருக்கு உயிர் ஆகக் குறைவோ அவருக்குப் போடுவார். நான் சண்டைக்குப் போனால், "எங்க ஊர்ல முறைத்தண்ணி வர்றப்ப யார் வயல்னு பாக்க மாட்டாங்க. எது வெடிச்சுக் கெடக்கோ அதுக்குத்தான் மொத மடை" என்பார். அப்படி வெடித்துக் கிடந்தது பெரும்பாலும் நான்தான் என்பதை நான் யோசித்ததே இல்லை.

ஒரு ஞாயிறு அண்ணன், அடுத்த மாதத்திலிருந்து ஷிப்ட் மாறுகிறது, ஞாயிறு லீவு இருக்காது என்றான். ஒரு டஞ்சன் மட்டும் எங்களிடம் தோற்காமல் பாக்கி இருந்தது. "அதை மட்டும் முடிச்சிட்டோம்னா நான் ஒரு தரம் ஊருக்கு வந்துட்டுப் போன மாதிரி" என்றான் சிரித்துக்கொண்டே. அண்ணி சிரிக்கவில்லை. அந்த வாரம் முழுக்க மதியச் சாப்பாடு முடிந்ததும் மாடிக்கு வந்து தனியாகப் பழகினார். நான் சொன்னபடி தன் பில்ட்டை மாற்றிக்கொண்டார். டேங்குக்குத்தான் முதலில் என்று எனக்கு வாக்குக் கொடுத்தார். ஒன்றே ஒன்று கேட்டார்: "நீயும் கொஞ்சம் கவசத்துல போட்டுக்கயேன்." அடி குறைந்துவிடும் என்று மறுத்துவிட்டேன்.

அந்தக் கடைசி ஞாயிறு நன்றாகத்தான் போனது. பூதத்துக்கு நூலளவு உயிர் மிச்சம். கடைசி அடி என்னுடையதாக இருக்க வேண்டும் என்ற ஆசையில், நிற்க வேண்டிய இடத்தை விட்டு முன்னால் பாய்ந்தேன். பூதம் திரும்பி ஒரு போடு போட்டது. என் திரை சிவந்தது. அதே நேரம் அண்ணனும் சாகிற நிலையில் இருந்தான். அண்ணியிடம் ஒரே ஒரு மந்திரத்துக்கு மனா இருந்தது. "எனக்குப் போடு, எனக்கு" என்று அண்ணன் ஹெட்போனில் சொன்னது எனக்கும் கேட்டது. நான் "அண்ணீ!" என்று வீறிட்டேன். கை நீட்டினால் தொடும் தூரத்தில் உட்கார்ந்திருந்த அண்ணி திரையை விட்டுத் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். எனக்குப் போட்டுவிட்டார்.

அண்ணன் விழுந்தான். அவன் பின்னாலேயே நாங்களும் விழுந்தோம்.

"ஏன் அவளுக்குப் போட்ட?" என்றான் அண்ணன். அவன் குரலில் அப்படி ஒரு கோபத்தை நான் கேட்டதில்லை. "பக்கத்துல உக்காந்து கத்துறா. நான் என்னங்க செய்ய?" என்றார் அண்ணி. அவன் விளையாட்டை மூடிவிட்டுப் போய்விட்டான். அண்ணி ஹெட்போனைக் கழற்றி, "ரொம்பக் கோவமா இருக்காரா?" என்று என்னைக் கேட்டார். தப்பு என்னுடையது என்று சொல்லியிருக்க வேண்டும். "டேங்குக்குத்தான் மொதல்ல போடணும்னு எத்தனை தடவை சொன்னேன்" என்றேன். அண்ணி தலையை ஆட்டிவிட்டு, கொடியில் காய்ந்த துணிகளை எடுக்கப் போனார். இன்று நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

மறுநாள் காலை அண்ணனே கூப்பிட்டான். அண்ணி போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனவர் ஒரு மணி நேரம் இறங்கவில்லை. சண்டை போட்டவர்கள் பேசித்தானே தீர வேண்டும்? பேசக் கற்றுக்கொண்டார்கள். அதற்குப் பிறகு அவர்களுக்கு டஞ்சன் தேவைப்படவே இல்லை. ஆனாலும் ஞாயிறு மதியம் அண்ணி, "வா, நாம ரெண்டு பேரும் போவோம்" என்று என்னை மாடிக்கு இழுப்பார். டேங்க் இல்லாமல் ஹீலரும் நானும் போனால் வாசலிலேயே செத்துப்போவோம். செத்துச் செத்து, வயிறு வலிக்கச் சிரிப்போம். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு சிரித்த காலம் வேறு இல்லை.

ஒரு வருடம் கழித்து அண்ணிக்கு விசா வந்தது. விமான நிலையத்தில் அப்பா அம்மாவுக்கு முன்னால் அழக் கூடாது என்று நான் டிராலியைத் தள்ளிக்கொண்டே இருந்தேன். இப்போது அவர்கள் ஒரு சின்ன வீட்டில் ஒன்றாக இருக்கிறார்கள். எனக்குச் சந்தோஷம்தான், பொய் சொல்லவில்லை. மன்னார்குடியில் ஒரு கல்லூரியின் கணினி ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். ஞாயிறு மதியம் இன்னும் அதே மாடி அறையில்தான் உட்காருகிறேன். முதலில் யார் யாரோ குழுவில் வந்தார்கள். அவர்களுடைய ஹீலர்கள் விவரமானவர்கள். டேங்கைக் காப்பாற்றிவிட்டு என்னைச் சாக விட்டார்கள். முறைப்படி அது சரிதான். ஆனாலும் ஒவ்வொரு தடவை விழும்போதும் என் தலை தன்னால் பக்கத்து நாற்காலியின் பக்கம் திரும்பிவிடும். அண்ணி வேண்டும் போலிருக்கும். கொஞ்ச நாளில் குழுவில் சேர்வதையே விட்டுவிட்டேன்.

போன வாரம் அண்ணி வீடியோவில் கூப்பிட்டார். பின்னால் அண்ணன் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தான்.

"இன்னும் வெளையாடுறியா?"

"ஆமா அண்ணி."

"யாரு உனக்கு ஹீல் போடுறா?"

"நானே போட்டுக்கறேன். பில்ட்டை மாத்திட்டேன். வாள் கொஞ்சம், கவசம் கொஞ்சம், ஹீல் கொஞ்சம்."

அண்ணி விழுந்து விழுந்து சிரித்தார். "அடிப்பாவி, அது குரூப்புக்கு ஆகாதுன்னு நீதானே என் உயிரை எடுப்ப?"

"ஆகாதுதான். குரூப் எங்க இருக்கு அண்ணி?"

அண்ணியின் சிரிப்பு நின்றுவிட்டது.