எனக்குக் கேக்கலையே

அருப்புக்கோட்டையில் நடந்த நிலத்தடி நீர் பயிலரங்கத்துக்குத் தனியாகத்தான் போயிருந்தேன். எனக்குக் காது சரியாகக் கேட்காது. காதுக் கருவியை முடிக்குள் மறைத்துக்கொண்டு, பேசுபவரின் உதடுகளைப் பார்த்துப் புரிந்துகொள்வேன். புரியாவிட்டால் யாரிடமும் சொல்வதில்லை. மற்றவர்கள் சிரித்தால் நானும் சிரிப்பேன். மதியச் சாப்பாடு முடிந்ததும் மதுரை பஸ் ஏறிவிடுவது, இனி இதுபோன்ற இடங்களுக்கு வருவதில்லை என்று முடிவு செய்திருந்தேன்.

அப்போது பேச வந்தவர் மைக்கைத் தள்ளி வைத்தார். "இது எதுக்கு? என் குரலு நரிக்குடி வரைக்கும் கேக்கும்" என்றார். பிறகு திரையின் பக்கம் திரும்பிக்கொண்டு பேச ஆரம்பித்தார். எனக்கு எல்லாம் முடிந்துபோனது.

பக்கத்தில் இருந்த சபீனா எழுந்தார். காலையில்தான் அறிமுகம்.

"நரிக்குடிக்குக் கேக்கட்டும் சார். எனக்குக் கேக்கலையே. மைக்குல பேசுங்க."

அரங்கம் சிரித்தது. பேச வந்தவரும் சிரித்தபடி எங்கள் பக்கம் திரும்பி மைக்கை எடுத்தார். அன்று முதல்முறையாக ஒரு வாக்கியம் முழுதாக என்னிடம் வந்து சேர்ந்தது.

இடைவேளையில், "உங்களுக்கும் கேக்காதா?" என்றேன்.

"நல்லாவே கேக்கும். காலையிலருந்து நீங்க பேசுறவுக வாயவே பாத்துக்கிட்டு இருந்தீக. அதான்."

என்னைக் கைகாட்டியிருக்கலாம். "எனக்கு" என்றுதான் சொன்னார்.

நான் மதுரை பஸ் ஏறவில்லை. மாலையில் சபீனா சீக்கிரமே திருச்சுழிக்குக் கிளம்பிவிட்டார். கடைசியாகப் பேச வந்தவரும் மைக்கை ஒதுக்கினார். பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. நான் எழுந்தேன்.

"சார், எனக்குக் கேக்கல."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இத்தனை வருடங்களாக நான் பயந்த அந்த நேரம், அவர் மைக்கைக் கையில் எடுப்பதற்குள் முடிந்துவிட்டது.