முனிரத்தினத்தின் மனுவில் நான் மாற்றிய சொல்

நேற்று என் பேத்தி பேங்க் பரீட்சைப் புத்தகத்தை என் முன்னால் நீட்டினாள். கோடிட்ட இடத்துக்கு நான்கு இங்கிலீஷ் வார்த்தைகள். பொருந்துவது எது என்று கேட்டாள். மூன்றாவதைப் பார்த்ததும் கண்ணாடியைத் தேடுகிறவன்போல எழுந்துவிட்டேன். கண்ணாடி மூக்கின்மேல்தான் இருந்தது.

புதுப் புத்தகத்தின் மை வாசனை எனக்குச் சித்தூர் சர்க்கார் ஆபீசின் கார்பன் தாளைத்தான் கொண்டுவரும். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. கடலை மடித்துக் கொடுத்த இங்கிலீஷ் பேப்பரையும் விடமாட்டேன். பெரிய பெரிய வார்த்தைகளாகப் பொறுக்கி நோட்டில் எழுதிக்கொள்வேன். அவற்றை எங்கேயாவது இறக்கிவைக்காவிட்டால் தலை வெடித்துவிடும். டீக்கடைக்காரரிடம்கூட ஒன்றிரண்டைச் செலவழித்திருக்கிறேன், பாவம்.

பக்கத்து மேசை முனிரத்தினம், நகரிக்காரன். சனிக்கிழமை மத்தியானம் ஆனால் பஸ் பிடித்துவிடுவான். ஊரில் அவனுடைய அப்பா, நைனா என்பான், பக்கவாதத்தில் கிடந்தார். வீட்டில் ஒரு தங்கை மட்டும். அவரைத் தூக்கிக் குளிப்பாட்ட இவன்தான் போக வேண்டும்.

அறுபதாம் வருஷம் ஆந்திரா-மெட்ராஸ் எல்லைத் தகராறு தீர்ந்து, எந்த ஊர் எந்தப் பக்கம் என்று முடிவான சமயம் அது. நகரி ஆந்திராவிலேயே நின்றது. ஆபீசில் இருந்த தமிழ் ஆட்களிடம், மெட்ராஸ் பக்கம் போக விருப்பமா என்று எழுதிக் கேட்டார்கள். விருப்பமில்லை என்று முனிரத்தினம் எளிய இங்கிலீஷில் எழுதியிருந்தான். பள்ளிக்கூடப் பையன் எழுதினது மாதிரி இருக்கிறது என்று நான் அதை அடித்துவிட்டு, ‘டிஸ்இன்ட்ரஸ்டட்’ என்று போட்டேன்.

“இதுக்கும் அதே அர்த்தந்தான?” என்று கேட்டான்.

“அதேதான். கொஞ்சம் கௌரவமா இருக்கும்.”

இரண்டே மாதத்தில் அவனைத் திருநெல்வேலிப் பக்கம் போட்டு உத்தரவு வந்தது. நான் அதிகாரியிடம் ஓடினேன். அவர் கோபப்படவில்லை, அகராதியை எடுத்துக் காட்டினார். தனக்கென்று விருப்பு வெறுப்பு இல்லாதவன் என்று அந்தச் சொல்லுக்குப் பொருளாம். எங்கே போட்டாலும் சம்மதம் என்று முனிரத்தினமே எழுதிக் கொடுத்திருக்கிறாரே என்றார். எழுதியது நான்தான் என்று சொன்னேன். மாற்றல் பட்டியல் மெட்ராசுக்குப் போய்விட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்றார்.

முனிரத்தினத்திடம் அதைச் சொல்லத் தைரியம் வரவில்லை. பஸ் ஏற்றிவிட்டு நின்றேன்.

அடுத்த ஆடியில் நைனா போய்விட்டார். தந்தி கிடைத்து அவன் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. நகரி வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தவனிடம் அன்றைக்குத்தான் சொன்னேன்.

“தெரியும்பா. அங்க போனதுமே டிக்சனரில பாத்துக்கினேன்.”

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். “எதுனா துன்னியா?” என்று கேட்டான். அவன் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

தங்கையையும் கூட்டிக்கொண்டு போனான். பொங்கலுக்குப் பொங்கல் நாலு வரியில் கார்டு வந்துகொண்டிருந்தது. ஒரு பொங்கலுக்கு வரவில்லை. அதற்குப் பிறகு வரவே இல்லை. எங்கள் ஆபீஸ் இருந்த இடத்தில் இப்போது துணிக்கடை. போன வருஷம் நகரியில் இறங்கி, அவன் தெருவில் விசாரித்தேன். ஐம்பது வருஷத்துக்கு முன்னால் அங்கே வாழ்க்கைப்பட்டு வந்த ஒரு அம்மாள் யோசித்துப் பார்த்தாள். அந்தப் பெயரில் இந்தத் தெருவில் யாருமே இருந்ததில்லை என்றாள்.