எல்லைப் பலகைவரை ஓடிய கார்

சனிக்கிழமை காலை எட்டு மணி பத்து நிமிடம். அகதிகள் விடுதியின் பின்கதவால் வெளியே வந்தபோது முதலில் கண்டது அப்பாவின் முதுகை. சிவப்பு நிறக் காரொன்றின் எஞ்சின் மூடியைத் திறந்துவைத்து, வலப்பக்கமாகக் குனிந்து எதையோ தேடிக்கொண்டிருந்தார். காரின் சொந்தக்காரர் சிரித்துக்கொண்டு இடப்பக்கத்தைத் தட்டினார்.

"இங்கே, மைஸ்டர்!" கைதேர்ந்த தொழிலாளியை ஜெர்மன்காரர் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"கை இன்னும் ஊரிலதான் நிக்குது. அங்க ஸ்டியரிங் வலப்பக்கமெல்லோ," என்றார் அப்பா. அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

1986ஆம் ஆண்டு. தென் ஜெர்மனியில் ஒரு சிறிய ஊர். எனக்கு எட்டு வயது. யாழ்ப்பாணத்தில் பஸ் திருத்திய அப்பாவுக்கு இங்கே வேலை செய்ய அனுமதி இல்லை. கை சும்மா இருக்க முடியாமல், விடுதிக் கதவொன்றின் பிணைச்சலை அதுவரை மூன்று தடவை கழற்றிப் பூட்டியிருந்தார்.

காரின் சொந்தக்காரர் பக்கத்து வீட்டு லொறிச் சாரதி. நாடு திரும்பிய அமெரிக்கப் படைவீரன் ஒருவனிடம் வாங்கிய எட்டு சிலிண்டர் வண்டி அது. ஸ்டியரிங்கைக் கால்வாசி சுற்றும்வரை சில்லுகள் அசையாது. உள்ளே, திருப்பத்தைச் சில்லுகளுக்குக் கடத்தும் ஸ்டியரிங் பொக்ஸ் தேய்ந்துவிட்டது. புதியது அமெரிக்காவிலிருந்து மரப்பெட்டியில் வந்திருந்தது.

"உன் அப்பா இதை மாற்றித் தந்தால், இதே காரில் உன்னைச் சித்தியிடம் கூட்டிப்போகிறேன்," என்றார் சாரதி என்னிடம். சித்தி அம்மாவின் தங்கை. ஊரில் என்னைத் தூக்கி வளர்த்தவள். போன மாதம்தான் ஜெர்மனிக்கு வந்து, இருபது கிலோமீற்றர் தள்ளி இன்னொரு விடுதியில் இருந்தாள். அவர் சொன்னதை அப்பாவிடம் சொன்னேன்.

"முதல் இதைப் பூட்டுவம், பிள்ளை."

அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

மதியத்துக்குள் பழைய பொக்ஸ் புல்லில் கிடந்தது. புதியதன் தண்டை அப்பா ஒரு கடைசியிலிருந்து மறு கடைசிவரை சுற்றி எண்ணினார். நான்கு சுற்று. இரண்டு சுற்றுத் திரும்பி வந்து சோக்கட்டியால் கோடு போட்டார். "நடு பிழைச்சால் கார் நேரா ஓடாது."

பூட்டி முடிந்ததும் எலுமிச்சம்பழம் தேடினார். விடுதியில் எங்களுக்குத் தரும் உணவுப் பொதியில் வந்தது, சாறு அடைத்த பிளாஸ்டிக் எலுமிச்சைதான். அதை முன்சில்லின் கீழ் வைத்தார். கார் நகர, அது வெடித்துச் சாரதியின் வெள்ளைச் சுவர்வரை சீறியது. அவர் பதறிப் பிரேக் போட்டார். "ஒண்டுமில்லை, சாமிக்கு," என்றார் அப்பா.

நான் நல்ல சட்டை போட்டு, சித்திக்குச் சேர்த்துவைத்த சொக்லேட்டுடன் பின் இருக்கையில் இருந்தேன்; அப்பா முன்னால், சாரதிக்குப் பக்கத்தில். ஊரை ஒரு சுற்றுச் சுற்றியதும் சாரதி பெருந்தெருவில் ஏற்றினார். வயல்களுக்கு நடுவே இரண்டு கையையும் ஸ்டியரிங்கிலிருந்து எடுத்தார். கோடு கீறினதுபோல் ஓடியது கார். அப்பா வாய்விட்டுச் சிரித்தார்.

தூரத்தில், கேடயப் படம் போட்ட ஒரு பலகை தெரிந்தது. அப்பா கையை உயர்த்தினார்.

"நிப்பாட்டச் சொல்லு. ஸ்டியரிங் இறுக்கிப் பிடிக்குதெண்டு சொல்லு. திரும்புவம்."

"நேராத்தானே ஓடுது, அப்பா!"

"சொல்லு, பிள்ளை. நான் பூட்டினது சரியில்லை."

சொன்னேன். சாரதி அப்பாவைப் பார்த்தார். பிறகு பலகையைப் பார்த்தார். "ஆமாம், கொஞ்சம் பிடிக்கிறது," என்று சொல்லி, ஒரே கையால் காரை முழுதாகத் திருப்பினார்.

விடுதிவரை அழுதேன். பொதுச் சமையலறையில் நின்ற எல்லோரிடமும், அப்பாவுக்கு அமெரிக்கக் கார் திருத்தத் தெரியாது என்று அறிவித்தேன்.

"என்னண்ணை, அங்க பஸ்ஸெல்லாம் இப்பிடித்தானோ ஓடினது?" என்று ஒருவர் கேட்டார்.

"ஓம், ஓம்," என்று அப்பா பருப்பைக் கிண்டிக்கொண்டு நின்றார்.

எங்கள் மாவட்டம் அந்தப் பலகையோடு முடிந்தது. அதைத் தாண்ட அகதிகளுக்கு எழுத்தில் அனுமதி வேண்டும். சித்தியைப் பார்க்க அப்பா கொடுத்திருந்த விண்ணப்பம் அதற்கு முந்தின வாரம் நிராகரிக்கப்பட்டிருந்தது.